யானம் போகாத கழுத்து

கழுத்து வலி என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கரன்ட் வைப்பீங்களா மேடம்?" என்பதுதான். படுத்துக் கண்ணை மூடினால் மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சி என்று நான் வாயைத் திறந்தால் போதும், உடனே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூலக்குளத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்த அந்த வருடங்களில் நான் திட்டாத நோயாளி இல்லை. ஆனால் புருஷோத்தமன் அளவுக்கு என் உயிரை வாங்கியவர் வேறு யாரும் கிடையாது.

2006ஆம் வருடக் கோடையில் வந்தார். அரசுத் துறை ஒன்றில் யு.டி.சி. கிளார்க். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, சட்டைக்கு மேலே தோல் நிறத்தில் ஒரு கழுத்து பெல்ட். அதன் விளிம்பு வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. நான் பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டபோது தலை திரும்பவில்லை. தெருமுனையில் தேரைத் திருப்புவதுபோல ஆளே மொத்தமாகத் திரும்பினார்.

ஆபீசில் எப்படி உட்காருகிறார் என்று கேட்டேன். மேஜைக்கு நடுவில் ஃபைல் கட்டுகள். இடது ஓரத்தில் கம்ப்யூட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

"கம்ப்யூட்டர நடுவுல வைங்க சார்."

"பிளக் பாயின்ட் எடது பக்க செவுத்துலதான் இருக்கு மேடம். ஒயர் எட்டாது."

"ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிப் போட்டுக்குங்க."

"கவர்மென்ட் ஆபீசுல நம்ம ஒயர நாமளே போடக் கூடாது மேடம். எழுதிக் குடுத்திருக்கேன்."

"எப்போ?"

"கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே."

கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் தலையில் நானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வலியைவிட அவரை வாட்டியது கை மரத்துப்போவது. வலது கையில் இரண்டு விரலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், பிடி சட்டென்று விட்டுப்போகும். பேனா விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் தினமும் காலையில் தூக்குவது அவருடைய அப்பாவை. அப்பா கிருஷ்ணசாமி பழைய மில் தொழிலாளி. ஆள் நல்ல உயரம், நல்ல கனம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பது புருஷோத்தமன் ஒருவர்தான். ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவன்மேல் மறுநாளே டம்ளர் பறந்தது. மருமகள் ஆதிலட்சுமி கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவார், ஆனால் அவள் தன்னைத் தொடக் கூடாது. மருமகள் மாமனாரைக் குளிப்பாட்டுவதா என்று ஒரே பிடிவாதம்.

"போன வாரம் தூக்கறப்ப கை வுட்டுடுச்சி மேடம். நல்லவேள, கட்டில் மேலயே வுழுந்தாரு. எப்பிடியாவது சரி பண்ணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எங்கப்பாவத் தூக்கணும்."

அந்தப் பேச்சில் எனக்கு மனது இளகிவிட்டது. அதுதான் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியை உள்ளே இழுத்துக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் சேர்க்க வேண்டும். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டும், தலை அசையாமல் எதிர்க்க வேண்டும். ஆபீசில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த பெல்ட்டைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். கழுத்தைத் தாங்குவது கழுத்துத் தசையின் வேலை. அந்த வேலையை பெல்ட்டிடம் கொடுத்துவிட்டால் தசை சும்மா இருந்து சும்மா இருந்து சோம்பேறியாகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சின்னப் பையனைப்போலத் தலையாட்டினார். அதாவது, உடம்பை ஆட்டினார்.

மூன்று வாரம் ஆனது. ஒரு இம்மி முன்னேற்றம் இல்லை. பயிற்சியைச் செய்துகாட்டச் சொன்னேன். அச்சு அசலாகச் செய்தார். காலையும் மாலையும் தவறாமல் செய்கிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. பின்னே ஏன் சரியாகவில்லை என்று யோசித்தபடி அவருடைய கழுத்தைப் பார்த்தேன். பெல்ட்டின் வரி புதிதாகப் பதிந்திருந்தது.

"இத எப்பல்லாம் போடறீங்க?"

"ஆபீசுக்கு மட்டும் மேடம். வர்றப்ப, போறப்ப. அப்பறம் கடை கண்ணிக்குப் போனா. அவ்வளவுதான்."

அதாவது விழித்திருக்கும் நேரம் முழுக்க. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் என்ன சுவரிடமா பேசிக்கொண்டிருந்தேன், எதற்கு வருகிறீர்கள், பேசாமல் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே என்று கத்தித் தீர்த்தேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கழட்டினா யானம் மேடம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் புதுச்சேரி ஒரே இடத்தில் இல்லை. காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளக் கரையில், யானம் ஆந்திராவில் கோதாவரி ஓரத்தில். பிரெஞ்சுக்காரன் எங்கெங்கே விட்டுப்போனானோ அங்கெல்லாம் எங்கள் அரசாங்கம் இருக்கிறது. ஆபீசும் இருக்கிறது. ஆபீஸ் இருந்தால் அதற்கு கிளார்க் வேண்டும். இங்கே அரசு ஊழியர் வீட்டில் யானம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ரயிலில் ஒரு ராத்திரி, பிறகு பஸ், போய் இறங்கினால் தெலுங்கு. முந்தைய வருடம் புருஷோத்தமன் பெயர் யானத்துக்கு வந்தது. அப்போதுதான் கழுத்து வலி தொடங்கி யாரோ ஒரு டாக்டர் இந்த பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தார். அந்தக் கோலத்தில் போய் மேலதிகாரி முன்னால் நின்றிருக்கிறார். உடல்நிலையை உத்தேசித்து இந்த வருடம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

"நான் யானம் போயிட்டா அப்பாவ யாரு மேடம் தூக்கறது?"

"சரி. கழுத்து இப்பிடியே இருந்தா இங்க இருந்துகிட்டு மட்டும் எப்பிடித் தூக்குவீங்க?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வர்றேன். கழுத்து நல்லாவணும் மேடம். நல்லாயிட்டது மட்டும் தெரியக் கூடாது."

படித்த படிப்பில் இப்படி ஒரு நோய்க்கு எனக்கு வைத்தியம் சொல்லித் தரவில்லை.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். வீட்டுக்குள் பெல்ட் கூடாது. ஆபீசில் பழைய கட்டுகள் போட்டுவைக்கும் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்ய வேண்டும். நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், ஃபைல்தான் ஓரத்துக்குப் போகட்டும். நாற்காலியைத் திருப்ப யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாமே என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்.

இதில் ஒரு சங்கடம் இராமதாஸ். அதே ஆபீஸ். அடுத்த தடவையும் புருஷோத்தமன் போகாவிட்டால் யானத்துக்கு இராமதாஸ் பெயர்தான். அதனால் அவருடைய கண் எப்போதும் புருஷோத்தமன் கழுத்தின்மேல்தான். முதலியார்பேட்டையில் வீட்டை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று ஊரைத் தாண்டி மூலக்குளத்துக்கு வைத்தியத்துக்கு வந்தாரே புருஷோத்தமன், அங்கேதான் என் நிலையத்துக்கு நாலு வீடு தள்ளி இராமதாஸ் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். விசாரித்துவிட்டு வந்திருக்கலாம். விசாரிக்கத் தெரிந்தவராக இருந்தால் அவர் ஏன் புருஷோத்தமனாக இருக்கிறார்?

ஒருநாள் ரெக்கார்டு ரூமில் அலமாரிக் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவரை இராமதாஸ் பார்த்துவிட்டார். இன்னாய்யா பண்றே என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில், "எக்சர்சைஸ்."

"வேற ஏதாவது சொல்லக் கூடாதா சார்? ஃபைல் கட்டறேன்னு சொல்லக் கூடாதா?" என்றேன், என்னிடம் வந்து இதைச் சொன்னவரிடம்.

"கேட்டாரு, சொல்லிட்டேன். கழுத்து வளையுதான்னாரு. கொஞ்சம் வளையுதுன்னேன். பொய் வராது மேடம் எனக்கு. எங்கப்பா பொய்க்கு மட்டும் அடிப்பாரு, வேற எதுக்கும் அடிச்சதில்ல."

பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுவது பொய்யில் சேராதா என்று கேட்டேன். வலி நிஜமாகத்தானே இருக்கிறது மேடம் என்றார்.

அந்த வாரமே இராமதாஸ் முட்டி வலி என்று என் மாடிப்படி ஏறி வந்தார். வலிக்கிற முட்டியோடு துள்ளித்தான் ஏறினார். உட்கார்ந்த கையோடு, "எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் இங்க வர்றாராமே, அவரு கழுத்து இப்போ எந்த அளவுல இருக்கு?" என்றார். உங்கள் முட்டிக்கும் அவர் கழுத்துக்கும் என்ன சார் சம்பந்தம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "என் பொண்ணு பிளஸ் டூ படிக்குது மேடம். நான் போயிட்டா யாரு பாக்கறது? அவருக்கு அப்பான்னா எனக்குப் பொண்ணு இல்லியா?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது. முட்டிக்கு ஒரு பயிற்சி சொல்லி அனுப்பினேன். செய்திருக்க மாட்டார்.

எப்படியோ, மழைக்காலம் முடிவதற்குள் புருஷோத்தமன் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. தை பிறந்தபோது விரல் மரப்பு போய்விட்டது. தூக்கும் முறையும் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிருஷ்ணசாமி உட்காரவைக்கப்பட்டிருந்தார். நாக்கு லேசாகக் குழறினாலும் குரல் தெருவுக்குக் கேட்டது.

"இவனுக்குத் தூக்கத் தெரியாது டாக்டரம்மா. மில்லுல பஞ்சுப் பொதி தூக்கினவன் நானு. சொன்னா எங்க கேக்கறான்?"

"இனிமே கேப்பாரு. மொதல்ல நீங்க நான் சொல்றதக் கேளுங்க."

அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டையும் தரையில் பதியவைத்தேன். தூக்குகிறவர் முழங்காலை மடக்கி, அவர் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, அவரை முன்னால் சாய்த்து, இரண்டு பேரும் ஒன்றாக எழ வேண்டும். கழுத்தால் தூக்கக் கூடாது, காலால் தூக்க வேண்டும். ஆதிலட்சுமி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ண உள்ள போவச் சொல்லுடா" என்றார் கிழவர். அவள் உள்ளே போனாள். பிறகு எட்டிப் பார்த்தாள்.

புருஷோத்தமன் தூக்கினார். பெல்ட் இல்லை, முகச் சுளிப்பு இல்லை. அப்பாவும் மகனும் மார்போடு மார்பாக எழுந்து நின்றார்கள். கிழவர் இடது கையால் மகன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சந்தோஷத்தில்தான். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம். இந்த மனுஷனோடு மல்லுக்கட்டியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் ஆளைக் காணோம். நல்லாயிருப்பவர் எதற்கு வருவார் என்று நானும் விட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் ஒருநாள் படியேறி வந்தார். தேர் மறுபடியும் மொத்தமாகத் திரும்பியது.

விஷயம் இதுதான். இடமாறுதல் நேரம் வந்துவிட்டது. வெறும் பெல்ட்டைப் பார்த்து இந்தத் தடவை விட மாட்டோம், டாக்டர்கள் பரிசோதித்துச் சொல்லட்டும் என்று ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். டாக்டர் தலையைத் திருப்பச் சொன்னால் அவருடைய தலை நன்றாகவே திரும்பும். வலிப்பதுபோல நடிக்க வேண்டும். அவருக்கு நடிக்க வராது. அதனால் பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பயிற்சியை அடியோடு விட்டிருக்கிறார். ராத்திரியும் பகலும் பெல்ட்டைக் கழற்றவில்லை. நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆபீசில் மற்றவர்கள் வேலையையும் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறார்.

"பொய் சொல்லக் கூடாதில்ல மேடம். அதான் நெஜமாவே ஆக்கிட்டேன்."

ஒன்பது மாத உழைப்பு, என்னுடையதும் அவருடையதும், ஒரே மாதத்தில் போச்சு. ஒரு பொய், ஒரே ஒரு "ஆ" என்று கத்தியிருந்தால் போதும். அதைச் சொல்ல முடியாத யோக்கியர், தன் கழுத்தைத் தானே உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார், அதையும் பெருமையாக.

"டாக்டருங்க பாத்தாங்க. ரொம்ப மோசமாயிருக்குன்னுட்டாங்க. எனக்கு யானம் இல்ல மேடம். இராமதாஸுக்குப் போட்டுட்டாங்க."

"எழுந்து போங்க சார்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன். "உங்களுக்கு நான் வைத்தியம் பாக்க முடியாது. போங்க."

போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார்.

காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு, முக்காலியிலிருந்து தூக்கியிருக்கிறார். பாதியில் கை விட்டுவிட்டது. கிருஷ்ணசாமி அப்படியே சறுக்கி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் எழுப்ப முடியவில்லை. இவர் முன்னாலிருந்து முயன்றார், பின்னாலிருந்து முயன்றார். பெல்ட் நாடியை முட்டிக்கொண்டு நின்றதால் குனிந்து அப்பா கால் எங்கே கிடக்கிறது என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. கதவுக்கு வெளியே ஆதிலட்சுமி, "நான் வரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். "வராதே!" என்று கத்தியிருக்கிறார் கிழவர். உடம்பில் ஒரு ஈரத் துண்டுதான் இருந்தது. நேரம் போகப்போக ஈரத்தில் கிழவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கத்துவதை நிறுத்திவிட்டார்.

ஆதிலட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாமா, கண்ண மூடிக்குங்க" என்றாள்.

அவர் மூடிக்கொண்டார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரை முக்காலிமேல் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பாதத்தைப் பதியவைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைக் கட்டித் தூக்கிவிட்டாள். நடத்திக்கொண்டுபோய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். துவட்டிவிட்டாள். அதுவரைக்கும் கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. புருஷோத்தமன் குளியலறையிலேயே நின்றிருக்கிறார்.

"இப்போ தெனமும் அவதான் மேடம் தூக்கறா. அவரும் கண்ண மூடிக்கறாரு. காலையில என்னைக் கூப்புடறதில்ல. 'ஆதிலட்சுமி எங்கடா?'ன்னுதான் கேக்கறாரு. நான் இங்கியே இருக்கேன். யானம் போனவன மாதிரிதான் இருக்கேன்."

அவர் அழுதார். குனிந்து முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அந்த பெல்ட் விடவில்லை. நேராக என்னைப் பார்த்தபடியேதான் அழ வேண்டியிருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. எழுந்து போய்ப் பின்னால் நின்று பெல்ட்டைப் பட்டென்று பிரித்து எடுத்தேன். கழுத்து முழுக்க வேர்க்குரு.

"நாடிய உள்ள இழுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம் இனிமே? எங்கப்பாவத்தான் அவ தூக்கறாளே. நான் யாருக்காக இதெல்லாம் செய்யணும்?"

"உங்களுக்காகச் செய்யுங்க சார். வலிக்கிறது உங்க கழுத்து!"

நான் போட்ட சத்தம் கீழே மருந்துக் கடைவரை கேட்டிருக்கும். புருஷோத்தமன் நான் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டதுபோல என்னையே பார்த்தார். பிறகு, "எனக்காகவா?" என்று கேட்டார்.